கபூஸ்தின்: முழுக்க எழுதி வச்சு வாசிச்சா அது ஜாஸா?

கேள்வி, 3 பிப்ரவரி

"உக்ரைன் ஜாஸ் பியானோ மேதை"னு போட்டு நிகொலாய் கபூஸ்தினோட எட்டு கான்செர்ட் எட்யூடை (கச்சேரியில வாசிக்கிற பயிற்சி உருப்படிகள்) ஒருத்தர் பகிர்ந்திருந்தார். கேட்டேன், அசந்துட்டேன். அப்புறம் தேடிப் பார்த்தா அதுல ஒரு ஸ்வரம்கூட அந்த நேரத்துல தோணினது இல்லையாம், அத்தனையும் தாள்ல எழுதினதாம். மனோதர்மமே இல்லாம என்ன ஜாஸ்? அதோட வாழ்நாள் பூரா மாஸ்கோல இருந்தவர் எப்படி உக்ரைன்காரர்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

3 பிப்ரவரி, இரவு

முதல் கேள்விக்கு அவரே பதில் சொல்லிட்டார். தான் ஜாஸ் கலைஞனே இல்லை, இம்ப்ரொவைசேஷன்ல (மனோதர்மமா வாசிக்கறதுல) தனக்கு ஆர்வம் கிடையாதுன்னு பேட்டியில பச்சையாவே சொல்லியிருக்கார். தன் இம்ப்ரொவைசேஷனை எல்லாம் எழுதிட்டேன், எழுதினதால அது இன்னும் தேறிச்சுங்கிறது அவர் கட்சி.

அத்தோட முடிஞ்சுதான்னா இல்லை. இப்படிச் சொன்ன ஆள் 1961லேர்ந்து 1972 வரைக்கும் ஒலெக் லுந்த்ஸ்த்ரெம்மோட பிக் பேண்ட்ல (பெரிய ஜாஸ் வாத்தியக் குழு) பியானோ வாசிச்சவர். சோவியத் யூனியன்ல அதுக்கு மேல ஒரு ஜாஸ் வேலை கிடையாது. பதினோரு வருஷம் அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்துட்டு "நான் ஜாஸ் ஆள் இல்லை"ங்கிறாரு. அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கணும்னு அவசியம் இல்லை.

4 பிப்ரவரி, காலை

கதையைக் கொஞ்சம் வரிசையா சொல்லிடறேன், இல்லாட்டி ஆளாளுக்கு ஒரு முனையைப் பிடிச்சு இழுப்போம்.

பிறந்தது 22 நவம்பர் 1937, ஹொர்லிவ்காவில. கிழக்கு உக்ரைன், தொனெட்ஸ்க் பகுதி, நிலக்கரிச் சுரங்க ஊர். ஜெர்மன் படை வந்தப்போ குடும்பம் கிர்கிஸ்தான்ல இருக்கிற தொக்மோக்குக்குப் போச்சு. பதிமூணு வயசுல முதல் சொனாட்டா எழுதினான் பையன். (அது அவரோட எண் வரிசையில சேராது. இதைப் பத்திக் கீழே சொல்றேன்.) 1952ல மாஸ்கோ, அவ்ரெலியன் ருப்பாக் கிட்ட படிப்பு. ருப்பாக்கோட குரு பெலிக்ஸ் புளூமென்பெல்த். உலகப்புகழ் பியானோ கலைஞர் ஹொரொவிட்ஸுக்கும் அவர்தான் குரு. அப்புறம் கன்சர்வேட்டரியில கோல்தென்வெய்ஸர். டால்ஸ்டாய் வீட்டுக்குப் போய் அவருக்கு பியானோ வாசிச்சுக் காட்டி, அவரோட செஸ்ஸும் ஆடின அதே கோல்தென்வெய்ஸர்தான்.

பரம்பரையைப் பாருங்க, சுத்தமான ரஷ்ய பியானோ வம்சம். இந்தப் பையனுக்கு ஜாஸ் எங்கேர்ந்து ஒட்டிச்சு? சிற்றலை வானொலி. 1955ல அமெரிக்க அரசு வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, வில்லிஸ் கொனோவரை வச்சு ஜாஸுக்குன்னே ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சுது. இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் ஒரு தலைமுறையே காதை ரேடியோவில வச்சுக்கிட்டுதான் வளர்ந்துச்சு. ஸ்டாலினோட கடைசிக் காலத்துல ஜாஸ்ங்கிற வார்த்தையே ஆபத்தா இருந்த ஊர். அவர் செத்து நாலு வருஷத்துல, 1957 உலக இளைஞர் விழாவில, இருபது வயசுகூட ஆகாத கபூஸ்தினோட கான்செர்ட்டினோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த சின்ன உருப்படி) மேடை ஏறிச்சு. அவரோட முதல் ஓபஸ் எண் (படைப்புகளுக்கு வரிசையா போடற எண்) அதுதான்.

4 பிப்ரவரி, மதியம்

லுந்த்ஸ்த்ரெம் யாருன்னு கேட்டிருக்கீங்க. அது தனி இழைக்கான சமாச்சாரம். சீனாவில ஹார்பின் நகரத்துல வளர்ந்த ரஷ்யப் பையன்கள் 1934ல ஆரம்பிச்ச பேண்ட். அங்கேர்ந்து ஷாங்காய். 1947ல சோவியத் மண்ணுக்குத் திரும்பி, கசான்ல இறங்கினாங்க. ஜாஸுக்கு ரொம்பக் கெட்ட நேரம் பார்த்து வந்து இறங்கின பெருமை அவங்களைத்தான் சேரும். மாஸ்கோ வர 1956 ஆயிடுச்சு.

கபூஸ்தினோட ஓபஸ் 8, டொக்காட்டா, இந்த பேண்டுக்காக 1964ல எழுதினது. பியானோவும் பிக் பேண்டும். அவரே வாசிக்கிற பழைய துணுக்கு இணையத்துல கிடைக்குது, பாருங்க. பார்த்துட்டு இந்த ஆளுக்கு ஜாஸ் தெரியாதுன்னு சொன்னீங்கன்னா நான் இழையை விட்டே போயிடறேன்.

6 பிப்ரவரி

"நட்சத்திர ஹோட்டல் லாபி மியூசிக்"னு எழுதினவருக்கு: எட்யூட் 7, இன்டர்மெஸ்ஸோவோட முதல் நிமிஷத்தைக் கேட்டு முடிவு பண்ணியிருக்கீங்க. சோம்பேறித்தனமா, சாயங்கால வெயில்ல நடக்கிற மாதிரி ஒரு மெட்டு, அது வாஸ்தவம். வலை விரிச்சிருக்கார். பத்து பன்னிரண்டு வரி தாண்டினதும் வலது கை மூன்றாம் இடைவெளி ஜோடி ஜோடியா ஓட ஆரம்பிக்கும். ரெண்டு ரெண்டு விரலா, கருப்புக் கட்டை வெள்ளைக் கட்டை பார்க்காம ஓடணும். எந்த லாபியிலயும் இதை வாசிக்க ஆள் கிடைக்காது.

9 பிப்ரவரி, நள்ளிரவு

நான் ஏன் இந்த ஆளைப் பிடிச்சுத் தொங்கறேன்னு ஒருத்தர் தனிச்செய்தியில கேட்டார். இங்கேயே சொல்றேன்.

ஓபஸ் 40ல, அதாவது அந்த எட்டு எட்யூட்ல, மூணாவது, டொக்காட்டினா. அதை எடுத்தேன். ஒரே ஸ்வரத்தை விரல் மாத்தி மாத்திப் படபடன்னு தட்டணும். என்கிட்ட இருந்தது அப்போ ரெண்டு சென்சார் வச்ச டிஜிட்டல் பியானோ. அந்த மாதிரி வாத்தியத்துல கட்டை முழுசா மேலே ஏறி வந்தாதான் அடுத்த அடி கேக்கும். நிஜ கிராண்ட் பியானோவில பாதி ஏறினாலே கம்பியைத் தட்டற சுத்தியல் திரும்ப அடிக்கத் தயாரா நிக்கும். அந்த வசதியை நம்பி எழுதின இசை இது. என் வாத்தியத்துல நாலு தட்டுக்கு ஒரு தட்டு விழுங்கிடும். நானும் விரல்லதான் கோளாறுன்னு நெனச்சு முட்டி மோதினேன். சினேகிதர் வீட்டு அப்ரைட்ல வாசிச்சா அங்கே இன்னும் கொஞ்சம் பேசுது, ஆனா கட்டை கனம், ரெண்டாவது பக்கத்துல முன்கை இறுகிடும். மூணு சென்சார் வாத்தியம் வாங்கினப்புறம்தான் ஸ்வரம் எல்லாம் கேக்க ஆரம்பிச்சுது. என் தப்பும் தெளிவா கேக்க ஆரம்பிச்சுது.

அதுல நான் கண்டது இதுதான். தாள்ல எழுதியிருக்கிறதை எழுதினபடி, தாளம் பிசகாம வாசிச்சா, ஜாஸ் தானா வருது. நாம எதுவும் சேர்க்க வேண்டாம். அடுத்த பாரோட (தாள ஆவர்த்தம்) முதல் தட்டுல விழவேண்டிய கார்ட் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கொத்து) அரைத்தட்டு முன்னாடியே விழுந்து, பார் கோட்டைத் தாண்டி இழுபடும். இடது கை ஒரே நேரத்துல டபுள் பாஸ்காரர் வேலையையும் டிரம்ஸ்காரர் வேலையையும் பார்க்கும். பேண்ட்ல பதினோரு வருஷம் மத்தவங்க வாசிக்கிறதைக் கேட்டுக் கேட்டு ஊறின கை எழுதினதுங்கிறது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

10 பிப்ரவரி

"எழுதினா அது ஜாஸ் இல்லை"ங்கிற வரட்டு வாதத்துக்கு ஒரே ஒரு தகவல். ஜாஸ் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங், சாட்சாத் அவரேதான், "கோர்னெட் சாப் சூயி"யை 1924 ஜனவரியில காகிதத்துல எழுதி காப்புரிமைக்கு அனுப்பிட்டார். ரெக்கார்டு பண்ணினது 1926ல. அந்த நேரத்துல பொங்கி வந்ததுன்னு நாம உருகுற சங்கதியில எவ்வளவோ ரெண்டு வருஷம் முன்னாடியே தாள்ல இருந்தது. ஜாஸ் பியானோ மேதை ஆர்ட் டாட்டமும் தன் பெயர் சொல்ற உருப்படிகளை ராத்திரிக்கு ராத்திரி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வாசிச்சிருக்கார், ரெக்கார்டுகளை அடுத்தடுத்து வச்சுக் கேட்டா புரியும்.

ஆக, கோடு நீங்க நினைக்கிற இடத்துல இல்லை. ஆம்ஸ்ட்ராங் எழுதி வச்சுட்டு மேடையில அதை மாத்துற சுதந்திரத்தைக் கையில வச்சிருந்தார். கபூஸ்தின் அந்தக் கதவைச் சாத்திட்டார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா அது சின்ன வித்தியாசம்னும் சொல்ல மாட்டேன்.

10 பிப்ரவரி, சற்றுப் பிறகு

ஒருத்தர் சிட்டைஸ்வரத்தைச் சொல்லியிருக்கார், பலே. கேட்கறவங்களுக்குக் கல்பனாஸ்வரம் மாதிரி துள்ளும், ஆனா வாக்கேயக்காரர் போட்டு வச்சது, கை வைக்க முடியாது. கபூஸ்தின் ஒரு கச்சேரி முழுக்க சிட்டைஸ்வரமாவே பாடறவர்னு அவர் சொன்னது ரசிக்கும்படியா இருக்கு. ஒரு இடத்துல மட்டும் இடிக்குது. சிட்டைஸ்வரம் கிருதிக்கு அலங்காரம், எடுத்துட்டாலும் கிருதி நிக்கும். கபூஸ்தின்ல அந்த ஓட்டத்தை எடுத்தா மிச்சம் எதுவும் இருக்காது.

14 பிப்ரவரி

உக்ரைன்காரரா இல்லையாங்கிற சண்டைக்கு வருவோம். மேலே ரெண்டு பேர் கோதாவில இறங்கி இப்போ சினிமா நடிகர் வரைக்கும் போயாச்சு. இழைக்குத் திரும்புங்க.

பிறந்த மண் உக்ரைன், சந்தேகமே இல்லை. அப்பா வழி பெலருஸ். படிப்பு, வேலை, கல்யாணம், சாவு எல்லாம் மாஸ்கோ. 2 ஜூலை 2020ல அங்கேயே இறந்தார். வாழ்ந்த நாட்டோட பேர் பெரும்பகுதி சோவியத் யூனியன். 2014ல ஹொர்லிவ்கா ரஷ்ய ஆதரவுப் படைகள் கைக்குப் போச்சு. 2022க்கு அப்புறம் மேற்கத்திய கச்சேரி நிரல்கள்ல அவர் பேருக்குக் கீழே "உக்ரைனில் பிறந்த"ன்னு போடறது கூடிப்போச்சு. அதுக்கு முன்னாடி அதே அரங்குகள்ல "ரஷ்ய இசையமைப்பாளர்"னு இருந்துச்சு. செத்த மனுஷன் ஊர் மாறலை, நிரல் அச்சடிக்கிறவங்க மாறினாங்க.

இசையில உக்ரைன் நாட்டார் மெட்டு தேடினீங்கன்னா ஏமாந்து போவீங்க. ரஷ்ய நாட்டார் மெட்டும் இருக்காது. அவர் காது ஜாஸ் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சன்கிட்ட இருந்துச்சு. பீட்டர்சன்தான் தனக்கு நம்பர் ஒன்னுன்னு அவரே சொல்லியிருக்கார்.

15 பிப்ரவரி

சோவியத் அரசு அவரை நசுக்கிச்சான்னு கேள்வி. அந்தப் பரிதாபக் கதை இங்கே செல்லாது. தன்னை யாரும் தொந்தரவு பண்ணலை, தான் எழுதினது அவான்ட்கார்ட் (மரபை உடைக்கிற புதுமை இசை) இல்லைங்கிறதால விட்டுட்டாங்கன்னு சொன்னவர் அவர். பேண்டுக்கு எழுதினா அது மெல்லிசைக் கணக்கு, பெரிய சங்கீதக் கமிட்டிகள் கண்ணு வைக்காது.

நசுக்கினது ஏதாவது இருந்தா அது மாசச் சம்பளம்தான். வேலைப் பட்டியலைப் பாருங்க. 1972 வரைக்கும் லுந்த்ஸ்த்ரெம். அங்கேர்ந்து 1977 வரைக்கும் போரிஸ் கரமிஷெவோட "நீலத்திரை" ஆர்கெஸ்ட்ரா. அப்புறம் 1984 வரைக்கும் சினிமா ஆர்கெஸ்ட்ரா. இத்தனை வருஷத்துல எழுதினதுல பெரும்பகுதி ஆர்கெஸ்ட்ராவுக்கும் பிக் பேண்டுக்கும், ஏன்னா சுத்தி இருந்தது அது. தனி பியானோவுக்கு 1977ல ஓபஸ் 28, "பழைய பாணித் தொகுப்பு"ன்னு ஒண்ணு வருது. ஆலமாண்ட், கவோட், சாராபாண்ட், பூரே, ஜீக்னு பாக் தொகுப்பு மாதிரி நடன வரிசை, உள்ளே பூரா ஸ்விங் (ஜாஸோட துள்ளல் நடை).

1984ல வேலையை விட்டார். அந்த வருஷம் மட்டும் முதல் சொனாட்டா ஓபஸ் 39, எட்டு எட்யூட் ஓபஸ் 40, வேரியேஷன்ஸ் ஓபஸ் 41. வயசு நாற்பத்தாறு. பதிமூணு வயசுல எழுதினதுக்கு எண் போடாம, நாற்பத்தாறு வயசுல "சொனாட்டா நம்பர் 1"னு எழுதறான் மனுஷன். அப்புறம் மடை திறந்தது. 1988ல 24 பிரெலூட் (சின்னச் சின்னத் தனி உருப்படிகள்), 1997ல 24 பிரெலூடும் ஃபியூக்கும், மொத்தம் இருபது சொனாட்டா, ஆறு பியானோ கான்செர்ட்டோ, ஓபஸ் எண் 161 வரைக்கும் போகுது. "வேலையை விட்டுட்டு எழுதப் போறேன்"னு நம்ம வீட்ல சொன்னா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன், வேண்டாம்.

15 பிப்ரவரி, இரவு

வேரியேஷன்ஸ் ஓபஸ் 41ஓட மெட்டு எங்கேயோ கேட்டதா தோணுதுன்னவருக்கு: ஸ்ட்ராவின்ஸ்கி. "வசந்தத்தின் சடங்கு" ஆரம்பத்துல ஒத்தை பசூன் உச்சத்துல நின்னு அழுமே, அதுதான். இங்கே அது விசில் அடிச்சுக்கிட்டே வரும்.

2 மார்ச்

ஒலிப்பதிவு விஷயத்துல என் அபிப்பிராயம் மாறிக்கிட்டே வருது.

முதல்ல எனக்குப் பிடிச்சது பியானோ கலைஞர் ஸ்டீவன் ஆஸ்போர்ன், 2000ல ஹைபீரியன் ஒலிப்பதிவு கம்பெனிக்குப் பண்ணினது. முதல் ரெண்டு சொனாட்டாவும் ஓபஸ் 53லேர்ந்து பதிமூணு பிரெலூடும். மூச்சு விட்டு, இழைச்சு, அங்கங்கே சாஞ்சு வாசிக்கிறார். 2004ல அதே கம்பெனிக்கு மார்க்-ஆந்த்ரே ஹாம்லின். எட்யூட் எல்லாம் ஒரு பொட்டு வேர்வை இல்லாம. இவங்களைக் கேட்டுட்டு கபூஸ்தினே வாசிச்சதைப் போட்டா சப்புன்னு இருந்துச்சு. வேகம், வறட்சி, பெடல் கம்மி, எட்டாம் ஸ்வரம் (அரைத்தட்டு நீள ஸ்வரம்) எல்லாம் கம்பு நட்ட மாதிரி நேரா. எழுதின மனுஷனுக்கே தான் எழுதினதுல ருசி இல்லையான்னு தோணிச்சு.

இப்போ அப்படித் தோணலை. நானா வாசிக்கும்போது ஸ்விங் பண்ணலாம்னு எட்டாம் ஸ்வரத்தை நொண்ட விட்டுப் பார்த்தேன். உள்குரல் (நடுவில ஓடற இழைகள்) எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு மோதுது. அரைத்தட்டு முன்னாடி விழற கார்ட் எதுக்கு முன்னாடி விழுதுன்னே தெரியாமப் போயிடுது. நேரா வாசிச்சாதான் அந்த முந்துதல் உறைக்கும். அவருக்குக் கடிகாரம் அசையக்கூடாது. மேலே இருக்கிறதை எல்லாம் ஏற்கெனவே அசைச்சு எழுதிட்டார்.

3 மார்ச்

மேலே இருக்கிறதுக்கு ஒரு இணைப்பு. எல்லாத்தையும் நேரா வாசிக்கணும்னு சொல்ல வரலை. இன்டர்மெஸ்ஸோ மாதிரி இடங்கள்ல ஸ்விங் தாள்லயே இருக்கு. அங்கே அதை வாசிங்க, இல்லாத இடத்துல திணிக்காதீங்க. ஆஸ்போர்னை மறுபடி கேட்டேன். அவர் சாயறது முக்காலும் வாக்கியம் முடியற இடத்துல, தட்டுக்குள்ள இல்லை. அதனால அவரும் தப்பிச்சார்.

3 மார்ச், மாலை

இயற்பியல் கட்டுரைகள்ல வர்ற கபூஸ்தினுக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டான்னு கேட்டவருக்கு: ஆமா, உண்டு. எட்வர்ட் விட்டனோட சேர்ந்து 2006ல லாங்லாண்ட்ஸ்ங்கிற கணிதத் திட்டத்தைப் பத்தின பெரிய கட்டுரை எழுதின இயற்பியலாளர் அன்டன் கபூஸ்தின் இவரோட மகன். இங்கே சரம் கோட்பாடு படிக்கிறவர் "கபூஸ்தின் விட்டன்னு தேடினா பியானோ வருது"ன்னு புலம்பியிருக்கார். பியானோ தேடினவங்களுக்கு ஏழு பரிமாணம் வருது, நாங்க என்ன சொல்றது.

21 ஏப்ரல்

இழை தூங்கிடுச்சு. எழுப்பறதுக்குக் காரணம், "அப்போ இம்ப்ரொவைஸ் பண்ற உக்ரைன் ஆள் யாருமே இல்லையா"ன்னு ஒரு புதுக் கேள்வி.

இருக்காங்க. வாதிம் நெசெலொவ்ஸ்கி, 1977ல ஒதெஸாவில பிறந்தவர். பதினஞ்சு வயசுல ஒதெஸா கன்சர்வேட்டரியில சேர்ந்தவர். பதினேழுல ஜெர்மனி, அப்புறம் பாஸ்டன், பெர்க்லீ இசைக் கல்லூரி. ஜாஸ் வைப்ரஃபோன் கலைஞர் கேரி பர்ட்டன் தன் இளைஞர் குழுவுக்குக் கூப்பிட்டுக்கிட்டார். 2005ல வந்த ஆல்பத்துல பியானோவும் இவர், சில உருப்படிகளும் இவரோடது. அந்தக் குழுவில கிட்டார் ஜூலியன் லாஜ், அப்போ பதின்வயசுப் பையன்.

2022ல வந்த "ஒதெஸா" தனி பியானோ ஆல்பத்தைக் கேளுங்க. ரயில் நிலையத்துல ஆரம்பிச்சு ஊரைச் சுத்திக் காட்டற மாதிரி: பொதெம்கின் படிக்கட்டு, அகேசியா மரங்கள், 1941னு ஒரு பகுதி. 1941ன்னா அங்கே என்னன்னு சொல்ல வேண்டியதில்லை, ஒதெஸா யூதர்களை ருமேனியப் படை கொன்னு குவிச்ச வருஷம். போர் வெடிச்ச வருஷத்துல ஆல்பம் வெளியானதால, ஊர் நினைவா பண்ணினது வேற மாதிரி கேட்க ஆரம்பிச்சுது. அதை மேடை மேடையா எடுத்துக்கிட்டுப் போய் உக்ரைனுக்கு நிதி திரட்டினார்.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். இவர் ஜாஸ்காரர்னு யாரும் சந்தேகப்படறதில்லை. ஆனா அந்த ஆல்பத்துல நீளநீளமான இடங்கள் கட்டிச் செதுக்கின இசை, எது எழுதினது எது தோணினதுன்னு கண்டுபிடிக்க நான் கஷ்டப்பட்டேன். ரஷ்ய இசையமைப்பாளர் முஸ்ஸோர்க்ஸ்கி வாசனை அடிக்குது. ஜாஸ்னு முத்திரை குத்த நாம இசையைக் கேட்கறோமா, ஆளோட படிப்பையும் கூட்டாளிகளையும் பார்க்கறோமா? லுந்த்ஸ்த்ரெம்முக்குப் பதிலா கேரி பர்ட்டன் பேண்ட்ல பதினோரு வருஷம் இருந்திருந்தா கபூஸ்தின்கிட்ட இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருப்பாங்களா?

22 ஏப்ரல்

"கேட்டிருப்பாங்க, ஏன்னா அவரே இல்லைன்னு சொல்லிட்டார்"னு கேள்வி போட்டவர் மடக்கிட்டார். சரி. ஆனா "நான் ஜாஸ் ஆள் இல்லை"ன்னது ஒரு பணிவா, ஒரு பெருமையா? மேடை ஏறவே பிடிக்காதவர் அவர், 1980ல சைகோவ்ஸ்கி ஹால்ல தன் ரெண்டாவது கான்செர்ட்டோவை வாசிச்சதோட பொதுக் கச்சேரியை ஏறக்கட்டினவர். அதுக்கு மேல ஸ்டூடியோ மட்டும்தான். ஜாஸ்காரன்னா தினம் சனங்க முன்னாடி நிக்கணும். எனக்கு என்னமோ அவர் தட்டிக்கழிச்சது இசையை இல்லை, அந்தப் பொழைப்பைன்னு படுது.

11 மே

எங்கேர்ந்து தொடங்கலாம்னு கேட்டவங்களுக்கு. கேட்கன்னா: எட்யூட் ஓபஸ் 40 ஹாம்லின்ல, உடனே அதே எட்யூட் கபூஸ்தின் கையால. அப்புறம் ஆஸ்போர்னோட பிரெலூட்கள். ஆர்கெஸ்ட்ரா வேணும்னா ஃபிராங்க் டூப்ரே கான்செர்ட்டோக்களை ரெக்கார்டு பண்ணியிருக்கார், நாலாவதிலேர்ந்து பிடிங்க. யூஜா வாங் கடைசி உருப்படியா டொக்காட்டினா வாசிக்கிற காணொளியைக் கடைசியா பாருங்க. முதல்ல பார்த்தா மனுஷர் வாசிக்கிற இசைதானான்னு சந்தேகம் வந்துடும்.

வாசிக்கன்னா: ஓபஸ் 40 பக்கம் போகாதீங்க, ஓபஸ் 53 பிரெலூட்ல மெதுவானதா ஒண்ணு எடுங்க. சோப்பான் வரிசையில சுருதி அடுக்கியிருக்கார், சி மேஜர், ஏ மைனர், ஜி மேஜர்னு போகும். இடது கையைத் தனியா, மெட்ரோனோம் ரெண்டாவது நாலாவது தட்டுல மட்டும் விழற மாதிரி வச்சு, தூக்கத்துல எழுப்பினாலும் வர்ற வரைக்கும். வலது கையை அது வரைக்கும் தொடாதீங்க. பெடலைக் கொஞ்சமா வச்சுக்குங்க.

12 மே

பின்னாடி எழுதின சொனாட்டாக்களைப் பத்தி நான் வாயே திறக்கலைன்னு கண்டுபிடிச்சவருக்குக் கண்ணு கூர்மை. எனக்கு அவை அலுப்பு தட்டுது. கைப்பழக்கம் அதிகம், திடுக்கிட வைக்கிறது கம்மி. ஓபஸ் 54ல, ரெண்டாவது சொனாட்டாவோட கடைசிப் பகுதியில இருக்கிற அந்தப் பிசாசு ஓட்டம் அப்புறம் திரும்ப வரலை. இல்லைங்கிறவங்க எந்த சொனாட்டா, எந்தப் பகுதின்னு குறிச்சு எழுதுங்க, சும்மா "எல்லாமே அற்புதம்"னு போடாதீங்க.